தொங்கவிட்ட பப்ஸ்

ஓவன் விஷயத்தில் எனக்குத் திமிர் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

எட்டாவது வரைதான் படிப்பு. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பவுடர் கோட்டிங் வேலை. இரும்புச் சாமான் மேல் கலர் பொடி அடித்து, ஓவனுக்குள் அனுப்பி வேகவைப்போம். அந்த ஓவன் எங்கள் வீட்டைவிடப் பெரியது. ஆறு வருஷமாக அதை ஆண்டுகொண்டிருந்தேன். (ஆண்டது என்றால், காலையில் பச்சை பட்டன், சாயங்காலம் சிவப்பு பட்டன்.)

என் தங்கச்சி தேவி செல்போன் கம்பெனியில் லைன் வேலை. அதே கம்பெனியில் பிரபு எலக்ட்ரீஷியன். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி பஸ். ஒன்றரை வருஷம் ஒரே பஸ்ஸில் போய் வந்தால் என்ன ஆகுமோ, அது ஆகியிருந்தது. எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவுக்குத் தெரியாது. பிரபுவின் அம்மாவுக்குத் தெரியவே கூடாது.

"லவ்வுனு தெரிஞ்சா எங்கம்மா வாசப்படி மிதிக்க மாட்டாங்க மச்சான்" என்றான் பிரபு.

அதனால் தரகரைப் பிடித்தோம். அவர் ஜாதகத்தை இங்கிருந்து அங்கே எடுத்துப் போனார். பொருத்தம் பார்த்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் மாதிரி ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. பிரபு முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வருகிறான். அப்படித்தான் பேச்சு.

பயம் ஒன்றே ஒன்று. பிரபுவின் அம்மா மரகதம், பையனைக் கேட்காமலே ஏற்கெனவே இரண்டு இடம் பார்த்து வேண்டாம் என்று சொன்னவர். ஒரு வீட்டில் பஜ்ஜியில் சோடா உப்பு அதிகம். இன்னொரு வீட்டில் கேசரி கட்டி தட்டியிருந்தது. மூன்றாவது நாங்கள்.

"அவங்களுக்கு பப்ஸ்னா உயிருண்ணா" என்றாள் தேவி. "நான் செய்யப்போறேன்."

"கடையில வாங்கிக்கலாமேடி" என்றார் அம்மா.

"கடையில வாங்கினா பொண்ணுக்குச் சமைக்கத் தெரியலன்னு சொல்லிடுவாங்க."

சனிக்கிழமையே ஆரம்பித்துவிட்டாள். மைதாவைத் தேய்த்து, வெண்ணெயை நடுவில் வைத்து மடித்து, பிரிட்ஜில் வைப்பாள். எடுப்பாள், தேய்ப்பாள், மடிப்பாள், மறுபடி வைப்பாள். புடவைக் கடைக்காரன்கூட அத்தனை மடிப்பு மடிக்க மாட்டான். உள்ளே வைக்க உருளைக்கிழங்கு மசாலா. முக்கோணமாகப் பதினெட்டு பப்ஸ் தயார். தொட்டுப் பார்த்தேன். பட்டு மாதிரி இருந்தது.

ஓவன் ஏற்பாடு என்னுடையது. லைன் லீடர் வீட்டிலிருந்து இரவல் வாங்கி வந்தேன்.

"இருநூறு டிகிரி, இருபது நிமிஷம்" என்று அவர் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பெரிய ஓவனிலும் அதே இருநூறுதான். இந்தக் குட்டி எனக்கு எந்த மூலைக்கு?

இங்கேதான் விஷயம். பவுடர் கோட்டிங்கில் எதையும் படுக்கவைத்து வேகவைக்க மாட்டோம். படுக்கவைத்தால் அடிப்பக்கம் ஒட்டிக்கொள்ளும், தழும்பு விழும், பீஸ் ரிஜெக்ட். எல்லாம் கொக்கியில் தொங்கித்தான் உள்ளே போகும். சுற்றிலும் சூடு படும். ஆறு வருஷமாக என் கண்ணில் பட்டது இது ஒன்றுதான்.

ஹார்டுவேர் கடையில் புதுக் கொக்கி ஒன்பது வாங்கினேன். சோப்பு போட்டுக் கழுவினேன். (சுத்தம் முக்கியம்.) ஓவனுக்குள் கம்பித் தட்டை மேலே ஏற்றினேன். ஒவ்வொரு பப்ஸுக்கும் ஒரு மூலையில் கொக்கியைக் குத்தினேன். முதல் ஒன்பதையும் வரிசையாகத் தொங்கவிட்டேன்.

தேவி எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"ண்ணா, வீடியோல டிரேல வெச்சுத்தான் செய்றாங்க."

"அவங்களுக்குத் தெரியாது."

"உலகமே டிரேலதாண்ணா வெக்கிது!"

"உலகம் எத்தினி வருஷம் ஓவன்ல வேலை செஞ்சிது?"

அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் அம்மாவும் பிள்ளையும் மட்டும் வந்தார்கள். பிரபுவின் அப்பாவுக்கு ஷிப்ட். மரகதம் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து வீட்டை ஒரு சுற்று அளந்தார். பிரபு புதுச்சட்டையில், எதையுமே பார்த்திராதவன் மாதிரி, எங்கள் சுவர்க் கடிகாரத்தை அதிசயமாகப் பார்த்தான். நடிப்பு கொஞ்சம் அதிகம்தான்.

"வூடு கண்டுபிடிக்க கஷ்டமா இருந்துச்சா?" என்றார் எங்கள் அம்மா.

"ஆமா ஆன்ட்டி, ரெண்டு தெரு சுத்திட்டோம்" என்றான் படுபாவி.

நான் ஓவனைப் போட்டுவிட்டு அதன் எதிரே குந்தினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூன்றாவது நிமிஷம் வெண்ணெய் சொட்டியது. எங்கள் கம்பெனியில் எதுவும் சொட்டாது. ஐந்தாவது நிமிஷம் பப்ஸ் நீள ஆரம்பித்தது. முக்கோணமாக இருந்தது கோவைக்காய் ஆனது. கோவைக்காய் புடலங்காய் ஆனது. ஒன்பது பப்ஸும் ஒன்பது நாக்கை நீட்டி என்னைப் பார்த்தன. ஏழாவது நிமிஷம் முதல் உருளைக்கிழங்கு கீழே குதித்தது. பின்னாலேயே மற்றதெல்லாம் குதித்தது. கீழே செக்கச்செவேலென்று சூடேறிய கம்பி. புகை வந்தது. சாதாரணப் புகை இல்லை. போகிப் பண்டிகைப் புகை.

"இன்னாம்மா, ஏதோ தீயுதே?" என்றது மரகதம் அம்மா குரல்.

"சாம்பிராணிங்க" என்றார் எங்கள் அம்மா, கூசாமல்.

புகை போகட்டும் என்று பக்கத்திலிருந்த டேபிள் ஃபேனைப் போட்டேன். பிரிட்ஜ், ஓவன், கூடத்து ஃபேன், இது. பட்டென்று ஒரு சத்தம். வீடு முழுக்க கரண்ட் போனது.

பகல்தான், ஆனாலும் ஃபேன் நின்றால் எல்லோர் மூச்சும் கேட்கும்.

எங்கள் வீட்டு மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பின்பக்கம், குளியலறை தாண்டி, பழைய மாட்டுக் கொட்டகை. அதற்குள் விறகுக் கட்டுக்குப் பின்னால், ஒரு கிழிந்த பேனரைத் தூக்கினால் இருக்கும். கரண்ட் பில் எடுக்க வருபவரே ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டுத்தான் போவார்.

பிரபு எழுந்தான். யாரையும் கேட்கவில்லை. கூடத்தைத் தாண்டினான். அடுக்களையில் என்னைத் தாண்டினான். பின்கதவுத் தாழ்ப்பாளைத் தூக்கித் தள்ளித் திறந்தான். (அது தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். விருந்தாளிகள் யாருக்கும் அது வந்ததில்லை.) விறகு நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் கொட்டகையிலிருந்து குரல்:

"மச்சான், ஓவன் பிளக்க புடுங்கிட்டீங்களா? மெயினைப் போடறேன்!"

பிளக்கைப் பிடுங்கினேன். கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. கூடத்துக்கு வந்தேன். வேறு எதுவும் அங்கே அசையவில்லை.

பிரபு கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். பாதிக் கூடத்தில்தான் அவனுக்கு உறைத்தது. அப்படியே நின்றான்.

மரகதம் அம்மா மெதுவாகக் கேட்டார். "இந்த வூட்ல மெயின் எங்க கீதுன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

பிரபு கடிகாரத்தைப் பார்த்தான்.

"எனக்கே தெரியாதேம்மா!" என்றார் எங்கள் அம்மா. "இருவத்தஞ்சு வருஷமா குடியிருக்கேன்!"

தேவி கதவோரம் நின்றாள். கண் நிறைந்துவிட்டது. மூன்றாவது இடமும் போச்சு என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. யாராவது பேச வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேசுகிறவன் இல்லை.

"நான்தான் கூப்ட்டேன்" என்றேன். "ஆறு மாசம் இருக்கும். கரண்ட் போச்சு. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாங்க. வந்தாரு. சரி பண்ணாரு. காசு வாங்கல. டீ மட்டும் குடிச்சாரு. தேவிய இவரு கட்டிக்கிட்டா நல்லா இருக்கும். எனக்குத் தோணிச்சு."

என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். வேர்த்துவிட்டது.

"அப்ப நான் பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்ன, நீ மாப்பிள்ளை பாத்து முடிச்சிட்ட?" என்றார் மரகதம் அம்மா.

"ஆமாங்க."

"அதான், புகையக்கூட சாம்பிராணின்னு மறைக்கறீங்க" என்றபடி எழுந்தார். வாசலுக்குத்தான் போகப்போகிறார் என்று நினைத்தேன். நேரே அடுக்களைக்குப் போனார். ஓவன் கதவைத் திறந்தார். புகை ஒதுங்கியது. உள்ளே ஒன்பது கொக்கி. ஒவ்வொன்றிலும் கருகிய ஒரு துணுக்கு. கீழே உருளைக்கிழங்குச் சாம்பல்.

குனிந்து பார்த்தார்.

"இன்னாப்பா இது? கறிக்கடையா?"

"பப்ஸுங்க."

அவர் முதுகு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓவனைப் பார்ப்பார், மறுபடி சிரிப்பார். சட்டென்று நிறுத்தி, தேவி பக்கம் திரும்பினார்.

"நீயாம்மா தொங்கவிட்ட?"

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. தேவி அண்ணனைக் காட்டிக்கொடுக்கத் தயங்கினாள்.

"நான்" என்றேன்.

"அப்பாடா" என்றார். "மீதி மாவு கீதா?"

பிரிட்ஜில் ஒன்பது பப்ஸ் பத்திரமாக இருந்தது. தேவி ஓவனைத் துடைத்தாள். டிரேயில் படுக்கவைத்தாள். என்னைக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். பிரபுவை மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். மறுபடி கரண்ட் போனால் போட வேண்டுமே. மாப்பிள்ளை பெண் பார்த்தது அவ்வளவுதான். இருபது நிமிஷமும் மெயினைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பப்ஸ் வந்தது. பொன் நிறம். உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்து, தொட்டால் உதிர்ந்தது. மரகதம் அம்மா ஒன்று தின்றார். இரண்டாவது தின்றார். மூன்றாவதை எடுத்துக்கொண்டே, "மசாலாவுல உப்பு கம்மி" என்றார்.

தேவி தலை குனிந்தாள்.

"வந்தப்புறம் சொல்லித் தர்றேன்" என்றார்.

எங்கள் அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. ஓடிப் போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்தார்.

கல்யாணம் மறைமலை நகரில் நடந்தது. பந்தியில் பப்ஸ் உண்டு. என்னை மண்டபத்துச் சமையல் பக்கம் விடக்கூடாது என்று மாஸ்டரிடம் யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். (யாரோ என்ன, தேவிதான்.)

இப்போது அவர்கள் பெண்ணுக்கு இரண்டு வயது. எங்கள் வீட்டுக்கு வந்தால் மரகதம் அம்மா மடியில் வைத்துக்கொண்டு கேட்பார்.

"மூக்கு எங்க?" குழந்தை மூக்கைத் தொடும்.

"காது எங்க?" காதைப் பிடிக்கும்.

"மெயின் எங்க?"

உடனே திரும்பி, ஒரு விரலை நீட்டி, மாட்டுக் கொட்டகையைக் காட்டும். பிரபு எழுந்து வெளியே போய்விடுவான்.