கட்டம் கட்டமாக வந்த சேதி

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசி கூறி எழுதுவது. கடிதம் என்றால் முதல் வரியில் நலம் விசாரிக்க வேண்டும். விசாரித்து எழுதிவிட்டு, அடித்துவிட்டேன். மேலே நீ பார்க்கிற மைக்கறை அதுதான். ஆயுசெல்லாம் அச்சகத்தில் புரூஃப் திருத்தியவர் சொந்தக் கடிதத்தின் முதல் வரியிலேயே அடித்தல் திருத்தலா என்று நீ சிரிக்கலாம். சிரித்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. நலமா என்று உன்னைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீயே சொல்.

விஷயம், உன் அம்மா போன பிறகு நீ ஊருக்குக் கிளம்பும்போது என் கையில் திணித்துவிட்டுப் போன செல்போனைப் பற்றியது. குறை சொல்வதற்கு முன் நிறையைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். அழகென்றால் அப்படி ஓர் அழகு. மெலிசான உடம்பு, கருநீல நிறம், ஓரத்தில் வெள்ளிக் கோடு, பொத்தான்கள் ஒவ்வொன்றும் என் கட்டை விரலுக்கென்றே அளவெடுத்த மாதிரி. ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் நிற்கிறது, மாடிப்படியில் உருண்டு விழுந்தாலும் எனக்குத்தான் மூச்சு வாங்குகிறதே தவிர அதற்கு ஒரு கீறலில்லை. நூலகத்தில் ஒருவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். மகள் தந்தது என்று சொல்லிவிட்டு, அவர் கேட்காததற்கும் சேர்த்து உன்னைப் பற்றி அரை மணி பேசினேன், அவர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

இனிக் குறை. இதில் ஒரு டார்ச் இருக்கிறது, அது தானாக எரிகிறது. எதிர் வீட்டுக்காரர் காலமானதற்குத் துக்கம் கேட்கப் போய் நான் தலை குனிந்து நின்றபோது, சட்டைப் பையிலிருந்து வெளிச்சம் நேராக என் மூக்குக்கடியில் அடித்து, அங்கே இருந்த ஒரு குழந்தை என்னைப் பார்த்து வீல் என்று அலறியது, அழாமல் இருந்தவர்கள்கூட அதைச் சாக்காக வைத்து அழ ஆரம்பித்தார்கள். அது போகட்டும். பெயர்ப் பட்டியலில் முதலில் இருப்பவர் குழாய் ரிப்பேர்க்காரர். மத்தியானம் கண்ணயர்ந்தபோது இடுப்பில் அழுந்தி அவருக்கு அழைப்புப் போய்விட, மனிதர் என்னமோ ஏதோ என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினேன். மறுவாரம் அதே கதை. பாவம், இரண்டாம் தடவையும் சும்மா அனுப்ப மனசு வராமல் நல்ல குழாய் ஒன்றைக் காட்டி இது சரியில்லை என்று சொன்னேன், அவரும் கழற்றி மாட்டினார், அன்றிலிருந்து அது நிஜமாகவே சொட்டுகிறது. இதெல்லாம் போதாதென்று, அடியிலிருக்கும் ஒரு பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்தினால் போன் வாயை மூடிக்கொள்ளும். கண்ணாடிக் கூடு அதே பையில்தான் இருக்கிறது, அது அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நீ கூப்பிட்டது எனக்குக் கேட்கவே இல்லை அம்மாடி. ஏற்கெனவே காது மந்தம், போனும் ஊமை.

ஆனால் நான் சொல்ல வந்த குறை இவை ஒன்றும் இல்லை.

நீயும் நானும் போனில் பேசத் தெரியாதவர்கள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீங்க, நானும், அப்புறம், அவ்வளவுதான். மற்றதையெல்லாம் அம்மாதான் நடுவில் நின்று பேசினாள். முக்கியமான விஷயத்தை நாம் எழுத்தில்தான் சொல்லிக்கொள்வோம். அதிலும் நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன்: தமிழைத் தமிழ் எழுத்தில் எழுது, ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பினால் நான் பதில் போட மாட்டேன். நீ அந்தச் சட்டத்தை மீறவே இல்லை. ஊரெல்லாம் எப்படி எழுதினாலும் எனக்கு மட்டும் ஒற்று விடாமல் எழுதினாய். அதுதான் வினையாகிப் போயிற்று. இந்த அழகான போனுக்குத் தமிழ் தெரியாது. நீ அனுப்பிய செய்தி எல்லாம் எனக்குக் கட்டம் கட்டமாக வந்தது. வெறும் கட்டங்கள், வரிசை வரிசையாக, நடுநடுவே ஒரு காற்புள்ளி.

புரூஃபில் இப்படிக் கட்டம் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஓரத்தில் 'ஆசிரியரைக் கேட்கவும்' என்று எழுதி அனுப்ப வேண்டும். புரூஃப் பார்க்கிறவன் ஊகிக்கவே கூடாது. எத்தனை இளைஞர்களை இதற்காகத் திட்டியிருக்கிறேன். உன் விஷயத்தில் நான் ஊகித்தேன். எழுத்துப் படிக்கிறதே தொழிலாக இருந்தவன், மகள் எழுதியதைப் படிக்க முடியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. புள்ளிக்கும் துணைக்காலுக்கும்கூடத் தனித்தனிக் கட்டம் போலும் என்று, முதல் ஐந்து கட்டமும் காற்புள்ளியும் 'அப்பா' என்று வைத்துக்கொண்டேன். மிச்சமெல்லாம் சௌக்கியமா, மருந்து சாப்பிடுகிறீர்களா என்றுதான் இருக்கும், வேறென்ன எழுதப் போகிறாய் என்று நானே தீர்மானம் பண்ணிக்கொண்டு பதில் போட்டேன்.

அந்தப் பதிலுக்கு வருகிறேன். இந்தப் போனில் தமிழில் அடிக்க முடியாது, ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்க என் மானம் விடாது. ஆனால் ஆயத்தமாக ஆங்கில வாக்கியங்கள் சிலவற்றை உள்ளேயே வைத்திருக்கிறான், ஒன்றைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் போய்விடும். 'நன்றி' என்று ஒன்று. 'கூட்டத்தில் இருக்கிறேன், பிறகு பேசலாம்' என்று ஒன்று. ஓய்வு பெற்ற நாளிலிருந்து என்னை எந்தக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிட்டதில்லை. அதை அனுப்பும்போது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் மிடுக்காகத்தான் இருந்தது. நீ விளையாட்டாக எடுத்துக்கொள்வாய், அப்பா பேச்சில் கிண்டல் திரும்பிவிட்டது என்று நினைப்பாய் என்று இருந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் கீழ் வீட்டு நர்ஸ் வந்து கதவைத் தட்டினாள். என் பைக்குள் போனிலிருக்கும் ரேடியோ தானாகப் பாடிக்கொண்டிருந்ததாம், படிக்கட்டு முழுக்க அதிர்ந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. அதை அணைக்க வாங்கியவள் கட்டங்களைப் பார்த்துவிட்டாள். "ஐயா, இது தமிழுங்க. உங்க போன்லதான் எழுத்து தெரியல. என் போனுக்கு அனுப்பிப் பார்க்கட்டுமா?" என்றாள். அனுப்பினாள். வேலை முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே படித்தாள். போனில் கடைசியாக வந்தது மேலே இருக்கும் அல்லவா, அவள் மேலிருந்து ஆரம்பித்தாள்.

'சரி அப்பா, உங்கள் கோபம் புரிகிறது. இனி எழுத மாட்டேன்.' எனக்கு என்ன கோபம் என்று நான் விழித்தேன். அடுத்தது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டேன், குழந்தை தங்கவில்லை என்பது. எந்தக் குழந்தை என்று அவளையே கேட்டேன், அவளுக்கு எப்படித் தெரியும்? அதற்கும் கீழே, டாக்டர் படுத்தே இருக்கச் சொல்கிறார், உங்கள் மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார், தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, நீங்கள் இங்கே வர முடியுமா என்று இருந்தது. என் போனில் அதற்கு நேர் மேலே என் பதில். கூட்டத்தில் இருக்கிறேன்.

"போதுங்கய்யா, மீதிய நாளைக்குப் படிக்கலாம்" என்றாள். படிம்மா என்றேன். இன்னும் ஒன்றுதான் பாக்கி. "நீங்க தாத்தா ஆகப் போறீங்கன்னு எழுதியிருக்காங்க" என்றாள்.

எல்லாருக்கும் முதலில் சந்தோஷம் வரும், பிறகு துக்கம் வரும். எனக்கு அதுவும் தலைகீழாகத்தான் வந்தது. பேரப்பிள்ளை போன செய்தியைக் கேட்ட பிறகு, அது வருகிற செய்தியைக் கேட்டேன். அதற்கு நான் 'நன்றி' என்று பதில் போட்டிருக்கிறேன். அம்மாடி, நர்ஸ் போன பிறகு நான் அழுதேன். உன் அம்மாவுக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

உன்னோடு வந்து இருக்கச் சொல்லி நீ கூப்பிட்டபோது, யார் வீட்டிலும் விருந்தாளியாக உட்கார மாட்டேன் என்று நான் குதித்தது உண்மைதான். அந்தக் கோபம் நீ தெருமுனை திரும்புவதற்குள் போய்விட்டது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீ அதையே இத்தனை நாளும் சுமந்துகொண்டிருக்கிறாய். ஆகவே நான் சொல்வதைக் கேள். கிளம்பி இங்கே வந்துவிடு. உன் அறையைக் காலையிலேயே பெருக்கித் துடைத்துவிட்டேன், ஜன்னல் கதவுக்கு எண்ணெய் போட்டுவிட்டேன், சமையல் எனக்குச் சுமாராக வரும், நர்ஸ் தினம் ஒரு தடவை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். எனக்குப் பதில் எழுதினால் எந்த எழுத்தில் வேண்டுமானாலும் எழுது, ஒற்றில்லாமல் எழுது, பிழையோடு எழுது, நான் திருத்த மாட்டேன். எழுதவே பிடிக்கவில்லை என்றால் எழுதாமல் வா.

கரைக்கு வந்ததும் மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். உனக்கு உடம்பும் மனசும் பழையபடி திரும்ப வேண்டும், அதற்குமேல் எனக்கு யாரிடமும் கேட்க எதுவும் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பாதியை அடித்துவிடு. இதை ஒட்டிப் பெட்டியில் போடப் போன வழியில் நர்ஸ் எதிரே வந்தாள். என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள், மகளைக் கிளம்பி வரச் சொல்லியிருக்கிறேன் என்றேன். "எழுந்து நடக்க முடியாத பொண்ண பஸ்ஸேறி வரச் சொல்றீங்களா?" என்றாள். அங்கிருந்து நேரே பஸ் நிலையத்துக்குப் போய்விட்டேன். மாற்று வேட்டிகூட எடுத்து வரவில்லை. ஒட்டிய உறையைப் பிரித்து, இதை உன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மணியில் கை வைக்கத் தைரியம் வரவில்லை, அதனால் கடிதத்தைக் கதவுக்கடியில் தள்ளுகிறேன். அவசரப்பட்டு எழுந்து ஓடி வராதே, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வா. என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் திறக்காதே, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், நாளைக்குத் திறந்தாலும் சரி.