மாடம்பாக்கம் பைட்டக்கில் ஒரு நேயர் விருப்பம்

"கல்யாணத்துக்கு அப்புறம் உனக்கு என்ன வேணும், சொல்லு" என்று ஜெயகிருஷ்ணன் கேட்டது பதினாலு வருடங்களுக்கு முன், தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில். நிச்சயம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"சொன்னா சிரிப்பீங்க" என்றாள் மிருதுளா.

"சிரிக்க மாட்டேன். நகையா, ஊட்டியா?"

"ஒரு இந்துஸ்தானி கச்சேரி. நேர்ல உட்கார்ந்து ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் கேக்கணும். காலேஜ் படிக்கிறப்போ ஒரு தடவை போனேன். பூரியா தனாஸ்ரீ ராகம் பாடினாங்க. இருட்டறதுக்குள்ள வீடு போகணும்னு அப்பா பாதியில இழுத்துட்டு வந்துட்டார்."

"அவ்வளவுதானே? கச்சேரியை நம்ம வீட்டுக்கே வரவழைக்கிறேன்."

கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய மாமனிதர்களின் பட்டியலை யாராவது ஒருநாள் தயாரித்தால், மாடம்பாக்கம், பி பிளாக், இரண்டாம் மாடி ஜெயகிருஷ்ணனின் பெயர் முதல் பக்கத்திலேயே வரும். ஒரு கச்சேரி கேட்டவளுக்கு அவர் ஒன்பது கச்சேரிகளை வீட்டுக்கு வரவழைத்தார். எட்டு முடிந்து, ஒன்பதாவது இந்த ஞாயிறு மாலை. அழைப்பிதழில் 'பூரியா தனாஸ்ரீ' என்று அச்சாகியிருந்ததை மிருதுளா வெங்காயம் உரித்துக்கொண்டே மூன்று முறை படித்தாள்.

எட்டிலும் அவள் ஒருமுறைகூட உட்காரவில்லை என்பது இந்தச் சாதனையில் ஒரு சிறு தகவல் மட்டுமே.

பாடகரைச் சுற்றித் தரையில் நெருங்கி உட்கார்ந்து கேட்கும் இந்த ஏற்பாட்டுக்கு வடக்கே பைட்டக் என்று பெயர். 'நெருக்கம்தான் இதன் உயிர்' என்று ஜெயகிருஷ்ணன் எங்கோ படித்திருந்தார். ஆகவே அந்தச் சின்ன ஹாலில் நாற்பத்திரண்டு பேர் நெருங்கினார்கள். ஏ பிளாக்கின் முழங்கால் சி பிளாக்கின் முதுகில் இருந்தது. நாற்காலி வேண்டுவோர் டாக்டர் சீட்டு இணைக்க வேண்டும் என்பது குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஏகநாதன் கொண்டுவந்த விதி.

ஏகநாதன் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் சுற்றறிக்கை அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய ஒன்பதாவது சுற்றறிக்கை, தபேலா அடி விழும் இடங்களில் 'வாஹ்' சொல்லும் பொறுப்பைப் பிளாக் வாரியாகப் பிரித்தளித்திருந்தது. மெதுவான பகுதிக்கு ஏ பிளாக், வேகமான பகுதிக்கு பி பிளாக். புதிதாகக் குடிவந்தவர்கள் தலையை மட்டும் ஆட்டலாம். கடைசியில் ரசிகர்கள் கேட்கும் பாட்டுக்கு ஃபர்மாயிஷ் என்று பெயராம். செயலாளர் அதை 'நேயர் விருப்பம்' என்று தமிழாக்கி, விண்ணப்பங்கள் வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும் என்று கெடு விதித்திருந்தார். வந்தது ஒரே விண்ணப்பம். அனுப்பியவர் ஏகநாதன்.

சுற்றறிக்கையின் கடைசி வரி மிருதுளாவுக்கானது. 'சமையலறையிலிருந்து ஓசை வரக் கூடாது, பலகாரம் வரலாம்.'

அதனால் அன்று குக்கர் விசில் போட அனுமதியில்லை. மிக்ஸி மதியமே ஓய்ந்துவிட்டது. எதிர் வீட்டு பேபி அக்கா, வடையை எண்ணெயில் போடாமல் கரண்டியில் வைத்து இறக்கிக்கொண்டிருந்தாள், குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல.

"இன்னிக்காவது போய் உட்காரேன் மிரு. நான் பார்த்துக்கறேன்."

"நாற்பத்திரண்டு பேருக்கா? உங்களால தனியா முடியாது அக்கா."

"அவரைக் கூப்பிடேன்."

"அவர் இப்பவே முன்வரிசையில கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்துட்டார். கண்ணைத் திறந்தா ரசனை போயிடுமாம்."

ஐந்தரைக்குப் பாடகி ரூக்சார் வந்தாள். தார்வாடில் பத்து வருடம் இந்துஸ்தானி பயின்றவள். தபேலாவுக்கு அவள் தம்பி வாஜித். ஏகநாதன் கைகூப்பி முன்னால் போய், "ஆயியே, ஆயியே, பைட்டியே" என்று இந்தியில் வரவேற்றார்.

"வணக்கம் சார். நான் பல்லாவரம்தான்" என்றாள் ரூக்சார்.

"பஹுத் அச்சா" என்றார் ஏகநாதன். கடந்த மூன்று முறையும் அவள் வந்தபோது இதே உரையாடல்தான் நடந்தது.

கச்சேரி தொடங்கியது. முதல் நீண்ட ஸ்வரம் ஹாலைக் கடந்து சமையலறைக்கு வந்தபோது மிருதுளாவின் கையில் இஞ்சி இருந்தது. அதைத் தட்டினால் ஓசை வரும். தட்டாமல் நின்றாள். பிறகு இஞ்சியை வைத்துவிட்டு வாசற்படிக்கு வந்தாள்.

ரூக்சார் அவசரப்படவில்லை. ராகத்தை ஒவ்வொரு விளக்காக ஏற்றுகிறவள் மாதிரி மெல்ல மேலே போனாள். தபேலா சேர்ந்ததும் ஏ பிளாக் கடமையில் இறங்கியது. அடி விழுவதற்கு ஒரு வினாடி முன்னால் ஒரு வாஹ், விழுந்து இரண்டு வினாடி கழித்து இன்னொரு வாஹ். சரியான இடத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. தாளம் சுற்றி வந்து முதல் அடியில் இறங்கிய அந்த நொடியில் ஒரே ஒரு கை மட்டும் கதவுச் சட்டத்தில் தட்டியது. அந்தக் கையில் கடலை மாவு இருந்தது.

ரூக்சார் பாடிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த சுற்றிலும் அதே கை, அதே இடம். வாஜித்தும் பார்த்துச் சிரித்தான்.

"மிரு, பால் பொங்குது" என்று உள்ளேயிருந்து பேபி கிசுகிசுத்தாள். மிருதுளா ஓடினாள். வேகமான பகுதிக்குப் பாட்டு போகும் நேரத்தில் ஹாலில் ஏகநாதன் எழுந்து கையை உயர்த்தினார்.

"தேநீர் இடைவேளைக்கு முன், பாராட்டு விழா."

"சார், பாதியில நிறுத்தக் கூடாது" என்றாள் ரூக்சார்.

"நிகழ்ச்சி நிரல்லயே இருக்கும்மா."

நிரலில் இருப்பதை யாரால் மீற முடியும்? பாட்டு நின்றது. ஜெயகிருஷ்ணனுக்குப் பொன்னாடை போர்த்தி, 'சொல் காத்த செம்மல்' என்ற பட்டத்தை வழங்கினார் செயலாளர். செம்மல் நெகிழ்ந்துபோனார்.

"இதெல்லாம் எனக்காகப் பண்ணலை. என் மனைவிக்கு இந்தச் சங்கீதம்னா உயிர். அவளுக்காகத்தான் ஒன்பது கச்சேரியும்."

"மேடம் எங்கே?" என்று சி பிளாக்கிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"உள்ள இருக்கா. வேலை பார்த்துக்கிட்டே கேப்பா. அவளுக்கு அதான் சௌகரியம்."

நாற்பத்திரண்டு பேரும் கைதட்டினார்கள். ஜெயகிருஷ்ணன் பொன்னாடையோடு உட்கார்ந்து மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். சமையலறையில் மிருதுளா அடுப்பின் தீயைக் குறைத்தாள். பாதி. இந்த முறையும் பாதி. அன்றைக்கு இழுத்துக்கொண்டு போனவர் அப்பா. இன்றைக்கு யாருமே இழுக்கவில்லை, அவளாகவே ஓடி வந்திருக்கிறாள்.

"அடுத்து நேயர் விருப்பம்" என்றார் ஏகநாதன். "முறைப்படி பெறப்பட்ட ஒரே விண்ணப்பம், அடியேனுடையது..."

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் ரூக்சார். "தாளம் தெரிஞ்சவங்க ஒருத்தர் இருக்காங்க. அவங்களைக் கேக்கறேன். அக்கா, வாசப்படியில நின்னீங்களே, உங்களுக்கு என்ன வேணும்?"

நாற்பத்திரண்டு தலைகள் திரும்பின. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே மிருதுளா வெளியே வந்தாள்.

"மேடம், மன்னிக்கணும்" என்றார் ஏகநாதன். "விண்ணப்பம் வெள்ளிக்கிழமை அஞ்சு மணியோட முடிஞ்சுபோச்சு."

"நான் பதினாலு வருஷம் முன்னாடியே குடுத்துட்டேன் சார். தாம்பரம் ஸ்டேஷன்ல. வாங்கிக்கிட்டவர் அதோ, பொன்னாடையோட உட்கார்ந்திருக்கார்."

ஹாலில் ஒரு வாஹ் கேட்டது. எந்த பிளாக் என்று தெரியவில்லை. ஆனால் முதன்முறையாகச் சரியான இடத்தில் விழுந்தது.

ஜெயகிருஷ்ணன் கண்ணைத் திறந்தார்.

"அதே பூரியா தனாஸ்ரீ" என்று ரூக்சாரிடம் சொன்னாள் மிருதுளா. "முதல்லேர்ந்து, நிறுத்தாம." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"ஏங்க, பால் அடுப்புல இருக்கு. நாற்பத்திரண்டு டம்ளர். பொன்னாடையைக் கழட்டி வெச்சுட்டுப் போங்க, தீ பட்டுடும். இஞ்சியை மட்டும் சத்தம் வராம தட்டுங்க. கொஞ்சம் எழுந்திருங்க, உங்க இடத்துல நான் உட்காரணும்."