வெந்நீர்த் தொட்டியும் ஈ-மூன்றும்

பெவர்லி வரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கும்போது மெர்வின் எடுத்த முடிவு இது. முப்பத்தாறு வருஷ இல்லறத்தில் அவர் எத்தனையோ முடிவு எடுத்திருக்கிறார். எடுத்ததோடு சரி. முடித்து வைத்ததெல்லாம் மனைவி நொலீன்தான். இந்த முடிவு அப்படிப் போகாது என்று கண்ணாடியில் தெரிந்த முகத்துக்கு அவரே வாக்குக் கொடுத்தார்.

பெவர்லி நொலீனின் அக்கா. மில்டுராவில் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடம்தான், அவள் இல்லை. போன குளிர்காலத்தில் நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பல்லாரட்டில் இருக்கும் இவர்கள் வீட்டுக்கு வந்தாள். பத்தொன்பது நாள் இருந்தாள். காலை பத்து மணிக்குத் தலையில் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு கொல்லைப்புறத்து வெந்நீர்த் தொட்டியில் இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவாள். சாப்பிட்டதும் மறுபடி இறங்குவாள். தொட்டிக்குள் உட்கார்ந்தபடி குறுக்கெழுத்துப் புதிரை உரக்கப் படித்து மெர்வினிடம் விடை கேட்பாள். அவர் சொன்ன விடையில் எழுத்துப்பிழை இருக்கிறது என்பாள். வாயால் சொன்ன விடையில் எப்படி எழுத்துப்பிழை வரும் என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்தத் தொட்டி அவருடையது. ஊரார் வீட்டுக் கூரைகளுக்கெல்லாம் பிளாஸ்டர் பூசிப் பூசி, முப்பது வருஷம் அண்ணாந்தே வாழ்ந்து, கழுத்தையும் இடுப்பையும் தொலைத்தவர் அவர். வெந்நீரில் உட்காரு என்று டாக்டர் சொன்னார். வேலையை விட்ட கையோடு தொட்டியையும், தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்பையும் வாங்கி வைத்தார். அந்த ஊரில் குளிர்காலமான ஜூலை மாதக் காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளை விரித்திருக்க, கழுத்துவரை சூட்டில் அமிழ்ந்து வானொலியில் கால்பந்துப் பேச்சைக் கேட்பதுதான் இந்த உலகத்தில் அவருக்கென்று மிஞ்சியிருந்த ஒரே இன்பம். அதைத்தான் அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை பெவர்லி வந்து பறிக்கப்போகிறாள்.

தொட்டி கெட்டுவிட்டால்? தொட்டி இல்லாத வீட்டுக்கு அவள் எதற்கு வருவாள்?

பல்லைத் துலக்கியவர் நேரே கொல்லைக்குப் போனார். வீட்டுச் சுவரை ஒட்டி ஹீட் பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தண்ணீர் உள்ளே போகிற குழாயின் வால்வை மூடினார். இரண்டு நிமிஷம்தான். உறுமல் அடங்கியது. சின்னத் திரையில் சிவப்பாக எழுத்து மின்னியது: ஈ-மூன்று. பிழை என்று இயந்திரம் சொன்னது. பிழைத்தோம் என்று மெர்வின் நினைத்தார்.

சமையலறைக்கு வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். தொட்டி படுத்துவிட்டது, சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஆறு வாரமாவது ஆகும், பாவம் பெவர்லி, அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றார். நொலீன் கையைத் துடைத்துக்கொண்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, பக்கத்து வீட்டு ஸ்டாங்கோவைக் கூப்பிடலாமே என்றாள். ஸ்டாங்கோ நாற்பது வருஷம் கடைகளின் குளிர்ப்பெட்டிகளை ரிப்பேர் செய்தவர். அவர் வந்தால் வாசலில் நின்றபடியே வால்வைப் பார்த்துவிடுவார்.

"என் வீட்டு மெஷினை இன்னொருத்தன் தொடக் கூடாது" என்றார் மெர்வின், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்போ நீயே சரி பண்ணு. புஸ்தகத்தைப் பார்த்தா தெரிஞ்சுடப் போகுது."

புத்தகம் இல்லை. வாங்கிய அன்றே, தெரியாதவனுக்குத்தான் புத்தகம் என்று சொல்லி அவரே அதைக் குப்பையில் போட்டிருந்தார். அதை நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் நொலீன் தன் செல்போனில் அதைத் தேடி எடுத்துவிட்டாள். எழுத்து எறும்பு அளவு இருந்தது. மெர்வின் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். போன வாரம் சோபாவில் அதன் மேலேயே உட்கார்ந்து உடைத்தது ஞாபகம் வந்தது.

"பரவாயில்லை, நான் படிக்கிறேன், நீ செய்" என்றாள் நொலீன்.

ஈ-மூன்று என்றால் தண்ணீர் ஓட்டம் இல்லை என்று அர்த்தமாம். முதலில் ஃபில்டரைக் கழுவ வேண்டுமாம். கிறிஸ்துமஸிலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருக்கிற வேலைதான். குற்றம் வால்வில் இருக்கிறது என்று தெரிந்தும் மெர்வின் திங்கட்கிழமை முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் ஃபில்டரை மடிப்பு மடிப்பாகப் பிரித்துக் கழுவினார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஏன் வேண்டாம் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? விரல் மரத்துப்போய்த் திரும்ப மாட்டியபோது ஈ-மூன்று அப்படியே இருந்தது. மாட்டியவர் முகத்தில் ஏமாற்றத்தைக் கொண்டுவரத்தான் சிரமப்பட்டார்.

செவ்வாய்க்கிழமை நொலீன் அடுத்த வரியைப் படித்தாள். கூரை ஓரத்துத் தகரக் கால்வாயில் இலை அடைத்திருந்தால் அதிலிருந்து சொட்டுகிற தண்ணீர் இயந்திரத்தைக் கெடுக்கும், சுத்தம் செய்க. மெர்வின் திடுக்கிட்டார்.

"ஹீட் பம்ப் புஸ்தகத்துல கூரையைப் பத்தி எதுக்குப் போட்டிருக்கான்?"

"அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

ஏணி வந்தது. மூன்று வருஷத்து யூகலிப்டஸ் இலை கறுப்புச் சேறாகி உட்கார்ந்திருந்தது. இரண்டு நாள் வாளி வாளியாக அள்ளினார். மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, பெவர்லி ஏதாவது போன் செய்தாளா என்று மெல்ல விசாரித்தார். செய்தாள், யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று நொலீன் சொன்னாள். யோசிக்கிறாளா! அந்த ஒரு சொல் போதும், இன்னும் நாலு வாளி அள்ளலாம் என்று இருந்தது அவருக்கு.

வியாழக்கிழமை இயந்திரத்துக்குக் காற்று வேண்டுமாம். அதைச் சுற்றிப் பத்தடிக்கு எதுவும் இருக்கக் கூடாதாம். அந்தப் பத்தடிக்குள்தான் மெர்வின் பதினொரு வருஷமாகச் சேர்த்து வைத்த செல்வம் இருந்தது. செத்துப்போன வாஷிங் மெஷின், கல்லாக இறுகிய பிளாஸ்டர் மூட்டைகள், ஒரு காலத்தில் படகாக ஆகியிருக்க வேண்டிய பலகைகள். எல்லாவற்றையும் இரண்டு நாள் டிரெய்லரில் ஏற்றி ஊர்க் குப்பை மேட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கடைசிப் பலகையைத் தூக்கி எறிந்தபோது கண் கலங்கியது. திரும்பி வந்து திரையைப் பார்த்தார். சிவப்பாக ஈ-மூன்று. நல்லவேளை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் டோஸ்டோடு நொலீன் அடுத்த வரியைப் படித்தாள். அதைக் கேட்ட மெர்வின் கையிலிருந்த தேநீர் மேஜைத் துணியில் கொட்டியது. இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் அறையின் சுவரிலோ கூரையிலோ விரிசல் இருந்தால் அதிர்வு ஏறி, தண்ணீர் ஓட்டத்தைப் பாதிக்கும். பூசி, வெள்ளையடிக்க வேண்டும்.

பின்னால் இருந்தது விருந்தாளி அறை. அதன் கூரையில் விரிசல் ஆற்றுப்படம் மாதிரிக் கிளை விட்டிருந்தது. ஊருக்கெல்லாம் கூரை பூசியவன் வீட்டுக் கூரை இது என்று நொலீன் வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவது வழக்கம். பன்னிரண்டு வருஷமாக மெர்வின் அந்த அறைக்குள் அண்ணாந்து பார்த்ததே இல்லை.

"முப்பது வருஷம் பிளாஸ்டர் போட்டிருக்கேன் நொலீன். விரிசலால தண்ணி ஓட்டம் நின்னதா நான் கேள்விப்பட்டதே இல்லை."

"நீ எந்தப் புஸ்தகத்தைப் படிச்சே கேள்விப்படறதுக்கு? வேண்டாம்னா விடு. ஸ்டாங்கோவை வரச் சொல்றேன்."

சாரம் கட்டினார். நாலு நாள் அண்ணாந்து நின்றார். சுரண்டினார், பூசினார், தேய்த்தார், வெள்ளையடித்தார். கழுத்து ஒரு பக்கம் திரும்ப மறுத்தது, இடுப்பு எந்தப் பக்கமும் திரும்ப மறுத்தது. இதையெல்லாம் தீர்க்கிற வெந்நீர், சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸாகிக் கிடந்தது. வியாழக்கிழமை மாலை தூரிகையைக் கழுவும்போது அவர் மனசு உடைந்தது. பெவர்லி வரட்டும், வந்து பத்தொன்பது நாள் புதிர் போடட்டும், அவள் ஏறுகிற நேரத்திலாவது நான் இறங்கிக்கொள்கிறேன் என்று நினைத்தார். புத்தகத்தில் இன்னும் எத்தனை வரி இருக்கிறதோ.

வெள்ளிக்கிழமை நொலீன் கடைக்குப் போனதும் அவர் கொல்லைக்குப் போய், மடங்காத முழங்காலை மடக்கி வால்வைத் திறந்தார். இரண்டு நிமிஷம் காத்திருந்தார். ஐந்து நிமிஷம் காத்திருந்தார்.

ஈ-மூன்று.

மின்சாரத்தை அணைத்துப் போட்டார். ஈ-மூன்று. ஃபில்டரைக் கழற்றி மாட்டினார். ஈ-மூன்று. இயந்திரத்தின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பன்னிரண்டு நாள் தண்ணீர் ஓடாமல் போட்டு வைத்ததில் எதுவோ உண்மையாகவே கெட்டுவிட்டது. பொய் சொல்லிப் படுக்க வைத்த நோயாளி நிஜமாகவே போய்ச் சேர்ந்துவிட்டான். தன் இன்பத்தைத் தன் கையாலேயே கொன்றுவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது.

கௌரவம் பார்க்கிற நேரமா இது? வேலியோரம் போய் ஸ்டாங்கோவைக் கூப்பிட்டார். ஸ்டாங்கோ வாயில் சாசேஜ் ரோலோடு வந்தார். நடந்ததைக் கேட்டார். வால்வைப் பார்த்தாயா என்றார். பார்த்தேன், திறந்துதான் இருக்கிறது என்று மெர்வின் சத்தியம் செய்தார். ஸ்டாங்கோ குனிந்து இயந்திரத்தின் மறுபக்கத்தைப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"இது ஒரு வால்வு, திறந்திருக்கு. சரி. அந்தப் பக்கம் இன்னொண்ணு இருக்கே, அது?"

மெர்வின் எட்டிப் பார்த்தார். தண்ணீர் வெளியே வருகிற குழாயின் வால்வு. இறுக்கி மூடியிருந்தது. அதை அவர் தொட்டதே இல்லை. தான் மூடியது எது என்று தெரிந்தவர் என்பதால் மற்றதைப் பார்க்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"உள்ளே போற வழியைத் திறந்துட்டு வெளியே வர்ற வழியை அடைச்சா தண்ணி என்னய்யா பண்ணும்? கல்யாணமான ஆம்பளை மாதிரி கம்முனு கிடக்கும்" என்று சொல்லி ஸ்டாங்கோ அதைத் திருப்பினார். இயந்திரம் இருமியது, உறுமியது. ஈ-மூன்று மறைந்தது. யார் மூடினார்கள் என்று மெர்வின் கேட்கவில்லை. ஸ்டாங்கோவும் சொல்லவில்லை. மிச்ச சாசேஜ் ரோலை வாய்க்குள் திணித்துக்கொண்டு வேகமாக வேலியைத் தாண்டினார்.

நொலீன் கடையிலிருந்து வந்து பைகளை மேஜையில் வைக்கிறவரை மெர்வின் சமையலறையில் நின்றபடியே இருந்தார்.

"அந்தப் பக்கத்து வால்வை மூடினது நீதானே?"

"ஆமா. இந்தப் பக்கத்தை மூடினது நீதானே?"

"எப்போ தெரியும்?"

"அந்த ஞாயித்துக்கிழமையே. ஜன்னல் வழியா பார்த்தேன். முழங்கால் மடங்காதுன்னு ஃபில்டரைக் கழுவாதவன் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தே. ஏதோ வேண்டுதல்னு நினைச்சேன். நீ உள்ளே வந்து ஆறு வாரம்னு சொன்னதும் புரிஞ்சுது. நீ எப்படியும் பாதியில மனசு மாறித் திறந்துடுவேன்னு நான் ஒண்ணை மூடி வெச்சேன்."

செல்போனை எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி அவர் கையில் கொடுத்தாள். ஈ-மூன்றுக்குக் கீழே மூன்றே வரி இருந்தது. ஃபில்டரைப் பார்க்கவும். தண்ணீர் மட்டத்தைப் பார்க்கவும். வால்வுகள் இரண்டும் திறந்திருக்கின்றனவா என்று பார்க்கவும். மெர்வின் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கூரையும் இல்லை, பலகையும் இல்லை.

"விரிசல்?"

"அது நான் எழுதினது. பன்னிரண்டு வருஷமா சொன்னேன், கேட்கலை. புஸ்தகத்துல இருக்குன்னேன், கேட்டே."

மெர்வின் நாற்காலியில் உட்கார்ந்தார். எப்படியோ போகட்டும், நினைத்த காரியமாவது நடந்ததா என்று தெரிந்துகொள்ள, பெவர்லி என்னதான் சொன்னாள் என்று கேட்டார்.

"அவளா? அவ அந்த ஞாயித்துக்கிழமை காலையிலேயே போன் பண்ணிட்டா, நீ பல் விளக்கிட்டு இருக்கும்போது. உங்க வீட்டு ரூம்ல படுத்தா கூரை உதிர்ந்து மூக்குல விழுது, நான் இனிமே அங்க வர்றதா இல்லைன்னா. அதைச் சொல்லத்தான் உன்னைத் தேடி ஜன்னல் வழியா பார்த்தேன்."

பன்னிரண்டு வருஷமாக வளர்ந்து, கடைசியில் பெவர்லியைத் தடுத்தே விட்ட விரிசலை மெர்வின் தானே நாலு நாள் அண்ணாந்து நின்று பூசி அடைத்திருக்கிறார்.

நொலீன் பையிலிருந்து புதுத் தலையணை உறைகளை எடுத்து மடியில் வைத்து நீவினாள். நேற்று ரூமைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன், ரொம்பப் பிடித்துப் போயிற்றாம், நாளைக்குக் காலை பஸ்ஸில் வருகிறாள் என்றாள்.

"எத்தனை நாள்?" என்றார் மெர்வின், கேட்கக் கூடாதென்று தெரிந்தும்.

"தெரியலை. போன தடவை மாதிரி அவசரமா கிளம்ப மாட்டேன்னு மட்டும் சொன்னா."