பூஜ்ஜியத் தடவ தடுத்த காம்பரா

…அவ மருமகளப் பத்தி அப்புறம் பேசுவோம் பார்வதி, அந்தக் கதை எங்கயும் ஓடிப் போயிறாது. மொதல்ல இதக் கேளு. நீ கொழும்புல மக வீட்டுல இருந்தப்ப, பள்ளிக்கூடத்துல அத்தன பேரு முன்னால நான் மானத்த வித்துட்டு வந்தேன். நம்ம தோட்டத்து லயத்துல, இந்த வரிசை வீடு பூரா, ஒன்னத் தவுர எல்லாருக்கும் தெரியும். வேற யாராச்சும் சொல்லுறதுக்கு முந்தி நானே சொல்லிப்புடுறேன். அவுங்க சொன்னா கூட்டிச் சொல்லுவாங்க. (நானுந்தான் கூட்டிச் சொல்லுவேன். ஆனா என் கதைய நான் கூட்டலாம்ல?)

தப்பு ஏந்தப்புதான், ஒத்துக்கிறேன். எழுத்து தெரியாதவ வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும். நான் எப்ப மூடியிருக்கேன், சொல்லு.

என் பெரிய மவனோட மக தர்ஷிகா இருக்காளே, எங்கூடத்தான் படுக்கை, அவ ஒரு நாள் சாயங்காலம் கட்டில்ல குப்புறப் படுத்துக்கிட்டு கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தா. நான் அடுப்புகிட்ட ரொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன்.

"ரெண்டு. அதுக்குத் தலை மேல குட்டியா பூஜ்ஜியம். என்னா வரும்?"

அவ என்னையக் கேக்கல. தனக்குத்தானே முணுமுணுத்துக்கிட்டா. நாந்தான் ரொட்டிய அப்படியே போட்டுட்டுப் பதில் சொன்னேன். "பூஜ்ஜியம்னா ஒண்ணுமில்லடி. இதுக்கு ஒரு யோசனையா?"

"அப்ப மேல மைனஸ் மூணு இருந்தா, அப்பாயி?"

"மைனஸ்னா ஒண்ணுமில்லாததுக்கும் கீழ. நுவரெலியாவுல பனி கொட்டுறப்ப ரேடியோவுல சொல்லுறாங்கள்ல, பூஜ்ஜியத்துக்குக் கீழ போயிருச்சுன்னு. அப்படி."

(அந்தக் குட்டி நம்பருக்குச் சுட்டின்னு பேராம். அது அப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.)

அடுத்த வாரம் பரீட்சை. அதே மாதிரி ரெண்டு கேள்வி. புள்ள மொதலாவதுக்குப் பூஜ்ஜியம், அடுத்ததுக்கு மைனஸ் எட்டுன்னு எழுதிப்புட்டா. ரெண்டும் பெழை. வகுப்புல ரெண்டே புள்ளைங்கதான் அட்டனுக்குக் கணக்குப் போட்டிக்குப் போகலாம். இவ மூணாவதா வந்துட்டா. அந்த ரெண்டு கணக்கு சரியா இருந்தா இவதான் மொதலாவது! மூணு நாளா சோறு தண்ணி இல்ல, ஒரே அழுக.

டீச்சர்தான் தப்பாத் திருத்திட்டாங்கன்னு நான் முடிவு கட்டிட்டேன். பெத்தவங்க கூட்டம் வந்துச்சு. மருமகளுக்கு வேலை. "நான் போறேன், நீ கொழுந்தெடுக்க மலைக்குப் போ"ன்னுட்டேன். பஸ்ஸுல பள்ளிக்கூடம் இருக்குற லிந்துலை வரைக்கும் ஒரு ஆள விடாமச் சொல்லிக்கிட்டே போனேன், "ஒண்ணுமில்லாததுக்கு ஒண்ணுன்னு பதிலாம்! இப்படிச் சொல்லிக் குடுத்தா புள்ளைங்க எப்படி உருப்படும்?" எல்லாரும் தலைய ஆட்டுனாங்க. பஸ்ஸு ஆடுனதுல ஆட்டுனாங்களோ என்னமோ.

கூட்டத்துல பள்ளிக்கூடத்து அதிபர் பேசி முடிக்குறதுக்குள்ள எந்திரிச்சிட்டேன். கணக்கு டீச்சர் சின்னப் பொண்ணு. தர்ஷிகாவுக்கு அக்கா மாதிரி இருக்கு.

"டீச்சர், நான் முப்பது வருசம் தேயிலைக் கொழுந்தெடுத்தவ. மலையில எங்கள வேலை வாங்குற கண்டாக்கையாகிட்டயே நாயம் பேசுனவ. பூஜ்ஜியம்னா என்னான்னு எனக்குத் தெரியாதா?"

தர்ஷிகா முந்தானைய இழுக்குறா. "அப்பாயி, உக்காருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"இந்தப் பதில யாரும்மா சொல்லிக் குடுத்தது?"ன்னு டீச்சர் கேட்டாங்க.

"நாந்தேன்!" அப்படின்னு நெஞ்ச நிமித்திச் சொன்னேன் பார்வதி. மெடல் வாங்கப் போற மாதிரி.

டீச்சர் சிரிக்கல. அதான் எனக்கு இன்னும் வலிக்குது. "ஒங்க லயத்து ஒத்த ரூமு காம்பராவ எத்தன தடவ தடுத்திருக்கீங்க?"ன்னு கேட்டாங்க.

"ரெண்டு தடவ. பெரியவன் கல்யாணத்துக்குப் பலகை வச்சுப் பாதியாத் தடுத்தோம். ரெண்டாமவன் கல்யாணத்துக்கு எங்க பாதிய மறுபடி பாதியாத் தடுத்தோம்."

"அப்ப ஒங்க பங்கு?"

"காலு."

"சரி. ஒரு தடவ கூடத் தடுக்காதப்ப?"

"முழுக் காம்பரா. ஒண்ணு."

"பூஜ்ஜியத் தடவ தடுத்தப்ப ஒரு காம்பரா இருந்துச்சு. ஒண்ணுமில்லாம வெட்டவெளியில நிக்கலயே?"

மண்டபமே சிரிச்சுச்சு. பின்னாடி ஒரு ஆளு பெஞ்சத் தட்டித் தட்டிச் சிரிக்கிறான். நான் நின்னுக்கிட்டே இருக்கேன், உக்காரத் தோணல.

டீச்சர் போர்டுல எழுதுனாங்க. ரெண்டுக்கு மேல மூணு இருந்தா எட்டு, ரெண்டு இருந்தா நாலு, ஒண்ணு இருந்தா ரெண்டு. "மேல இருக்குறது ஒண்ணு கொறைஞ்சா, கீழ பாதியாகுது பாருங்கம்மா. ரெண்டுல பாதி?"

"ஒண்ணு."

"அதான் பூஜ்ஜியத்துக்குப் பதில். மைனஸ்னா கீழ விழுறது இல்ல. அந்த ஒண்ணையே தடுத்துக்கிட்டுப் போறது. மைனஸ் ஒண்ணுன்னா அரை. மைனஸ் ரெண்டுன்னா காலு, ஒங்க பங்கு. மைனஸ் மூணு?"

நான் என்னா சொன்னேன் தெரியுமா? "அது இன்னும் வரல டீச்சர். சின்னவன் பொண்ணு பாக்கவே விட மாட்டேங்குறான்."

அதிபர் கண்ணாடியக் கழட்டிக் கண்ணத் தொடச்சாரு.

அந்தச் சிரிப்புச் சத்தம் அடங்குறப்ப எம்பேத்தி எந்திரிச்சா. "எட்டுல ஒரு பங்கு, டீச்சர். எத்தன தடவ தடுத்தாலும் ஏதாச்சும் மிச்சம் இருக்கும், பூஜ்ஜியமே ஆகாது." டீச்சர் மூணக் குடுத்து, மேல மைனஸ் ரெண்டு போட்டுக் கேட்டாங்க. "மூணாத் தடுத்து, அதுல ஒண்ண மறுபடி மூணாத் தடுக்கணும். ஒம்போதுல ஒரு பங்கு!"ன்னா பட்டுனு.

ஆனா மார்க் மார்க்குதான். பேரு குடுத்தாச்சு, இனி அடுத்த தவணைப் பரீட்சைக்கு அப்புறந்தான்னுட்டாங்க. வர்ற வழியில பஸ்ஸ விட்டு எறங்குறப்ப புள்ள சொன்னா, "எனக்குன்னு ஒரு மூலை இருந்தா ஒங்க பதில் ஏங்காதுல விழுமா, அப்பாயி? என் கட்டில் ஒங்க வாய்க்குப் பக்கத்துலதான இருக்கு."

சுருக்குன்னுச்சு. அன்னைக்கே பழைய சேலை ரெண்டச் சேத்துத் தைச்சு, எங்க காலு பங்குல குறுக்கச் செவுரு மாதிரி கட்டிட்டேன். அந்தப் பக்கம் அவ கட்டிலு, புஸ்தகம், லைட்டு. இந்தப் பக்கம் நானும் என் வாயும். இப்ப அந்த மூலைக்கு வீட்டுல பேரே மைனஸ் மூணு. "தர்ஷிகா எங்க?"ன்னு கேட்டா, "மைனஸ் மூணுல இருக்கா"ங்குறான் பெரியவன். சின்னவன் கொழும்புல இருந்து போன் போட்டு, "அம்மா, என் எடத்தக் குடுத்துட்டியே, இனி எனக்கு மைனஸ் நாலுதானா?"ங்குறான். எவனாச்சும் ரொட்டியே திங்கலன்னா, "அப்ப ஒண்ணு தின்னுருக்க"ன்னு பேத்தி சொல்லுவா. கணக்குப்படி அது தப்பாம். என்னையச் சீண்டத்தான் சொல்லுறா.

இந்தத் தவணை அவதான் மொதலாவது! வர்ற வெள்ளிக்கிழமை அட்டனுக்குப் போறா. என்னைய மட்டும் வரவேண்டாம்னுட்டா. நீயே சொல்லு, நான் என்னா, போட்டியில பதிலா சொல்லப் போ…

அய்யய்யோ, தூறுது பாரு! காலையில தொவைச்சுக் கொடியில போட்டேனே, புள்ளையோட செவுரு நனையுதுடி! தள்ளு, தள்ளு, அவ பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள காயணும்!