ஜூம் இல்லாத கேமராவும் எங்கள் ரிவர்ஸும்

புதுச்சேரியில் கைக்காசு போட்டு ஆபத்தை விலைக்கு வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ரிவர்ஸ்தான். இல்லை, நானும் வாங்கியிருக்கிறேன் என்று யாராவது போட்டிக்குக் கிளம்பினால் முதலில் என்னிடம் வரட்டும், பேசிக்கொள்வோம்.

ரிவர்ஸ் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. லாஸ்பேட்டையில் உள்ள எங்கள் அரசு அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசை அவருடையது. இருபது வருஷமாகத் தானுண்டு தன் கோப்பு உண்டு என்று இருந்த மனிதர், ஒரு கேமரா வாங்கினார். அன்றோடு முன்னால் பார்த்து நடப்பதை விட்டுவிட்டார்.

விலையைக் கேளுங்கள். ஒரு லட்சத்து அறுபதாயிரம்! அந்தப் பணத்தைக் கொடுப்பதற்கே ஆறு மாதம் வரிசையில் காத்திருந்தார். பெட்டி வந்த அன்று நாங்கள் பத்துப் பேர் அவர் மேசையைச் சூழ்ந்துகொண்டோம். பிரித்தால், என் கல்யாணத்தில் போட்டோ எடுத்தவர் கழுத்தில் ஒன்று தொங்கியதே, அதே மாதிரி ஒன்று. மேலே வெள்ளித் தகடு, கீழே கறுப்புத் தோல், தலையில் திருகுகிற சக்கரங்கள். டீ கொண்டுவந்த கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இதுக்கு இன்னும் பிலிம் ரோல் கெடைக்குதா சார்?" என்று கேட்டார்.

எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. புத்தம்புதுசாக ஒரு டிஜிட்டல் கேமராவைச் செய்து, அதைப் பழசு மாதிரி ஜோடித்து, அந்தப் பழசுக்காகக் கூடுதலாக ஒரு விலையும் போடுவார்களாம். என் ஸ்கூட்டர்கூடத்தான் பழசாகத் தெரிகிறது. அதைப் பன்னிரண்டாயிரத்துக்குக் கேட்க ஆள் இல்லை.

"இதுல ஜூம் எங்க சார்?" என்றேன்.

"ஜூம் கெடையாது சார்."

"லென்ஸக் கழட்டிட்டு வேற மாட்டலாமா?"

"கழட்ட முடியாது. ஒரே லென்ஸுதான். ஒட்டுனது ஒட்டுனதுதான்."

"அப்ப தூரத்துல இருக்கறத எப்பிடி எடுப்பீங்க?"

"கிட்ட போவேன்."

"கிட்ட இருக்கறத?"

"பின்னாடி போவேன்."

என் பதினைந்தாயிரம் ரூபாய் போன், மாடியில் நின்றபடியே தெருக்கோடித் தென்னைமரத்துக் காக்காயின் மூக்கை எடுக்கும். அதை எடுத்தும் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "காக்கா மூக்கு நமக்கு எதுக்கு சார்?" என்றார். கேள்வி நியாயமாக இருந்ததால் எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது.

பின்னாடி போவேன் என்று அவர் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. வலது கண்ணைக் கேமராவின் ஓட்டையில் வைப்பார், இடது கண்ணை மூடுவார், பின்னால் நடக்க ஆரம்பிப்பார். முன்னால் இருக்கிற உலகம் முழுசாகச் சட்டத்துக்குள் வருகிற வரைக்கும் நடப்பார். பின்னாலும் ஒரு உலகம் இருக்கிறது என்பது அவர் நினைவுக்கே வராது.

ஒயிட் டவுனில் ஒரு மஞ்சள் சுவரைக் காகிதப்பூக் கொடியோடு முழுசாக எடுக்கப் போய், எதிர்சாரியில் இருந்த இளநீர்க் குவியலில் உட்கார்ந்தார். சண்டே மார்க்கெட்டில் பிளாஸ்டிக் பக்கெட் அடுக்கைச் சாய்த்தார். கடற்கரைச் சாலையில் சூரியோதயத்தைப் பாறையோடு எடுக்கிறேன் என்று பாறைகளுக்கு நடுவிலேயே போய் விழுந்தார். கடல் அவருடைய ஒரு செருப்பைக் கொண்டு போயிற்று. இன்னொன்றை நான்தான் ஆத்திரத்தில் கடலில் வீசினேன். இவ்வளவு கோபமிருந்தால் கூட ஏன் போனீர்கள் என்று கேட்காதீர்கள். திட்டுவதற்கு ஒரு ஆள் பக்கத்தில் வேண்டாமா?

இதெல்லாம் சில்லறை. பெரிய விழுகை, எங்கள் அட்டெண்டர் வேலு ஓய்வு பெற்ற நாளில் நடந்தது.

சால்வை, மாலை, குரூப் போட்டோ, பிறகு எல்லோரும் சேர்ந்து கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு வருவது, இதுதான் எங்கள் அலுவலக முறை. அதிகாரி நடுவில், வேலு பக்கத்தில், மற்றவர்கள் நாற்காலிக்குப் பின்னாலும் படிகளிலும் என்று இருபத்து மூன்று பேர் வெயிலில் காத்திருந்தோம். "போன்ல ஒன்னு தட்டிட்டுப் போலாம் சார்," என்றேன். ரிவர்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி இருந்தது.

பின்னால் நடந்தார். ஓரத்தில் ரெண்டு பேர் விட்டுப்போகிறார்கள் என்றார். இன்னும் நடந்தார். அவருக்குப் பின்னால் குரோட்டன்ஸ் பாத்தியும் அதைச் சுற்றி முழங்கால் உயரச் சுவரும் இருந்தன.

"சார், பின்னாடி செவுரு!" என்று கத்தினேன்.

"யாரும் அசையாதீங்க!" என்று பதிலுக்கு அவர் எங்களை அதட்டினார்.

கிளிக் என்ற சத்தமும் அவர் விழுந்த சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டன. ஓடிப்போய்ப் பார்த்தால் குரோட்டன்ஸ் செடிகளுக்கு மேல் மல்லாந்து கிடக்கிறார். இடது மணிக்கட்டு எலும்பு போய்விட்டது. வலது கை மட்டும் கேமராவை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

அந்தப் படத்தை நீங்கள் பார்க்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருக்கும். இருபத்து மூன்று பேரும் வாயைப் பிளந்து, கைகளை நீட்டி, உங்களைப் பிடிக்க ஓடி வருவார்கள். நாற்காலியை விட்டு எழுந்தே நாங்கள் பார்த்திராத அதிகாரி முன்னால் பாய்ந்துகொண்டிருப்பார். வேலுவின் மாலை ஒரு பக்கம் பறக்கும். என் கால்கள் ரெண்டும் தரையில் இருக்காது. நான் அவ்வளவு பயந்திருந்தேன் என்பது வெளியே தெரிந்ததில் எனக்குப் பெரிய அவமானம்.

வேலு அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். "முப்பது வருசத்துல நம்ம ஆபீஸ் மொத்தமும் ஒரே நேரத்துல எந்திரிச்சது அன்னிக்கி ஒருநாள்தான் சார்," என்றார்.

ரிவர்ஸின் மனைவி மல்லிகா சிரிக்கிற நிலையில் இல்லை. சாரம் பகுதியில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு என்னை வரச்சொல்லி, கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த கணவரை வைத்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, இந்த வாட்டி மணிக்கட்டோட போச்சி. அடுத்த வாட்டி பின்னாடி பஸ்ஸு வந்தா? செவுத்துல போட்டோவா மாட்டி வெக்கிறதுக்கா நான் இவரக் கட்டிக்கினேன்? நீங்க சொன்னா கேப்பாரு. அத வித்துக் குடுத்துடுங்க."

ரிவர்ஸ் தரையைப் பார்த்தபடி, "சார் என்ன சொல்றாரோ அதான்," என்றார்.

எனக்குக் கொண்டாட்டம். அன்றைக்கே இணையத்தில் விளம்பரம் போட்டேன். போன் ஓயவில்லை. அவர் வாங்கிய விலைக்கு மேலேயே தருகிறோம் என்றார்கள்! புதுசுக்குக் காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லையாம். ஒன்றரை வருஷம் புழங்கிய பொருள் வாங்கிய விலைக்கு மேல் போகிறதென்றால், நான் இதுநாள் வரை பேசியதற்கெல்லாம் என்ன மரியாதை?

ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ஒரு இளைஞர் ரிவர்ஸ் வீட்டுக்கு வந்தார். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓரத்துல பெயின்ட் தேஞ்சிருக்கே சார்?"

"தெனமும் கையில புடிச்சா தேயத்தான் தேயும்," என்றேன்.

"பரவால்ல. நான் ஒன்னும் பெருசா எடுக்கப் போறதில்ல. ஷெல்ஃப்ல வெச்சா லுக்கா இருக்கும்."

"என்னா சொன்னீங்க?"

"லுக்குக்குத்தான் சார்."

எனக்கு வந்ததே கோபம்! "லுக்குக்கா? இத வெச்சி எங்காளு என்னா படம் எடுத்திருக்காரு தெரியுமா? ஒரே லென்ஸுல, ஜூம் இல்லாம, ஒருத்தரையும் விடாம! கைய ஒடச்சிக்கினு எடுத்திருக்காரு! ஷெல்ஃப்ல வெக்கிறதுக்கு கடையில பொம்ம விக்கறான், போய் வாங்கிக்குங்க!"

இளைஞர் டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். ரிவர்ஸ் என்னை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மல்லிகா இடுப்பில் கை வைத்தபடி வந்து நின்றார்.

"நல்லா வித்தீங்க அண்ணே. இனிமே இவரு விழாம யாரு பாத்துக்கறது? நீங்களா?"

"நான்தான்," என்று என் வாய் சொல்லிவிட்டது.

கட்டுப் பிரித்த பிறகு, ஞாயிறுதோறும் அவருக்குப் பின்னால் நிற்பது என் வேலையாயிற்று. அவர் பெல்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நானும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நகர்வேன். ஐம்பத்து நாலு வயதில் ஒரு ஆண்பிள்ளையின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் நடக்கிற அவமானம் வேறு யாருக்கு வரும்? அவர் திரும்பக்கூட மாட்டார். "சார் இருக்கீங்களா?" என்பார். "இருக்கேன், எடுத்துத் தொலைங்க," என்பேன்.

அந்த விலைக்கு அந்தக் கேமரா தகுமா என்று விவரம் தெரிந்தவர்கள் இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். தகாது. பெல்ட் பிடிக்க ஒரு ஆளையும் சேர்த்துக் கொடுத்தால் யோசிக்கலாம்.

போன மாதம் அவருக்கு ஏனாமுக்கு மாற்றல் வந்தது. ஏனாமும் புதுச்சேரி அரசைச் சேர்ந்ததுதான்; நம் ஊர் அரசாங்க வேலையில் இது ஒரு கொடுமை. இங்கே உட்கார்ந்திருப்பவரைத் தூக்கி ஆந்திராவுக்கு நடுவில் கோதாவரிக் கரையில் போட்டுவிடுவார்கள். போன வாரம் அங்கிருந்து ஒரு படம் அனுப்பினார். ஆறு, படகுகள், கரை நெடுக ஜனங்கள், ஒன்று விடாமல் உள்ளே வந்திருந்தது. எவ்வளவு தூரம் பின்னால் போயிருப்பார் என்றுதான் எனக்குக் கணக்கு ஓடியது. உடனே போன் போட்டேன்.

"யாரு சார் பெல்ட்டப் புடிச்சிருந்தது?"

"இங்க யாரு சார் இருக்கா?"

"பின்னாடி என்னா இருந்துது?"

"பாக்கல சார்."

வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன்.

"வெள்ளி ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டுட்டேன்," என்றேன். "நான் வர்ற வரைக்கும் எல்லாத்தயும் உக்காந்தே எடுங்க."