உங்கள் மேகசினும் எங்கள் கிளிப்பும்

பீச் ஹாலோ, மேற்கு வர்ஜீனியா
மே 6, செவ்வாய்க்கிழமை

பீச் ஹாலோ ரைபிள் சங்கத்தின் மாதச் செய்திமடல் ஆசிரியரும் என் தாயாரின் மூத்த சகோதரருமான திரு. வெண்டல் டாட்சன் அவர்களுக்கு, சங்க உறுப்பினர் ஹோபர்ட் மலின்ஸின் மகள் கரீசா எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அத்தை கொடுத்தனுப்பிய காட்டுப்பூண்டு வந்து சேர்ந்தது. அதைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போன அன்று நூலகத்தில் என் மேசைப் பக்கம் யாருமே வரவில்லை. நிம்மதியாக வேலை பார்த்தேன். அத்தைக்கு என் நன்றி.

மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயம்.

ஏப்ரல் இதழின் நான்காம் பக்கத்தில், வேட்டை நாய் விற்பனை விளம்பரத்துக்குக் கீழே, ‘சிரித்துவிட்டுப் போங்கள்’ என்ற தலைப்பில் நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். “நம் வட்டாரத்துப் பட்டதாரிப் பெண் ஒருத்தி எல்வுட் கடைக்குப் போய்க் கார்பைனுக்குக் கிளிப் கேட்டாளாம். கல்லூரியில் எல்லாம் சொல்லித் தருகிறார்கள் போலிருக்கிறது, இதைத் தவிர!” பெயர் போடவில்லை. போடத்தான் என்ன அவசியம்? டாட்சன் வீட்டிலும் மலின்ஸ் வீட்டிலும் சேர்த்துப் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். மறுநாள் நூலகத்துக்கு வந்தவர்களில் நாலு பேர் புத்தகத்தோடு ஒரு கிளிப்பும் வேண்டும் என்று கேட்டார்கள். ஒருவர் பாதிரியார்.

தோட்டாக்களை உள்ளே அடக்கி, ஸ்பிரிங்கால் ஒவ்வொன்றாக மேலே தள்ளிவிடும் பெட்டிக்குப் பெயர் மேகசின். தோட்டாக்களைக் கோர்த்துப் பிடிக்கும் வெறும் தகட்டுக்குப் பெயர் கிளிப். இது எனக்குத் தெரியும் மாமா. இந்த ஊரில் பல் முளைக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் கிளிப் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று நேரில் வந்து சொல்லியிருப்பேன். ஆனால் நேரில் பேசினால் என் குரல் சட்டைக் காலருக்குள்ளேயே விழுந்துவிடும், அது உங்களுக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது நான் யாருக்கும் பயந்தவள் இல்லை.

பிரச்சினை மார்ச் மாதம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடந்த விருந்தில் ஆரம்பித்தது. அப்பா கைத்துப்பாக்கித் தோட்டா போடும் குட்டை ரைபிளான கார்பைன் ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிச் சேர்க்கப் போகிறார், ஜூன் போட்டியில் அதைக் கொண்டுதான் சுடப் போகிறார் என்று அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். உடனே நீங்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “மச்சான், மேகசினப் பத்தி ரெண்டாவது யோசனையே வேணாம். பிஸ்டல் மேகசின் போடுற கூடாப் பாத்து வாங்கு. இடுப்புல இருக்கிறதுக்கும் தோள்ல இருக்கிறதுக்கும் ஒரே மேகசின். அவசரத்துக்கு மாத்திக்கலாம்ல?” என்றீர்கள். மேசையில் இருந்த பதினோரு பேரும் தலையாட்டினார்கள். அப்பாவும் ஆட்டினார். எந்த மேகசின் என்று முடிவு செய்தால்தான் அதற்கேற்ற கூட்டை, அதாவது மேகசினைச் செருகும் உடல் பகுதியை, வாங்க முடியும். அதனால் அன்றைக்கே எல்லாம் முடிந்த மாதிரி ஆகிவிட்டது. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பாவின் இடுப்பில் இருப்பது என்ன? ரிவால்வர். முப்பது வருஷமாக ரிவால்வர். அதற்கு மேகசினே கிடையாது! இல்லாத துப்பாக்கிக்குப் பொருந்துகிறது என்று ஒரு மேகசினை எங்கள் தலையில் கட்டப் பார்த்தீர்கள். பதினோரு பேரில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் சோளரொட்டியை மென்றுகொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு நீங்களே பிஸ்டல் மேகசின் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் சமையலறை மேசையில் வகுப்பு எடுத்தீர்கள். “பாரு ஹோபர்ட், இதுல என்ன இருக்கு? அஞ்சு சாமான். கண்ணக் கட்டிக்கிட்டுக் கழட்டுவேன்” என்று அதன் அடியில் இருந்த தகட்டை உருவினீர்கள். ஸ்பிரிங் கிளம்பியது. முதலில் குளிர்பதனப் பெட்டியில் பட்டது, அப்புறம் அம்மாவின் கல்யாணப் படத்தில் பட்டது, அதில் உங்கள் முகம் இருந்த இடத்தில் கண்ணாடி விரிசல் விட்டது, கடைசியில் போய்க் குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. அம்மா கரண்டியால் அதை எடுத்து, “அண்ணே, இது வெந்துருச்சா பாரு” என்றாள். இந்தச் செய்தி ஏப்ரல் இதழின் ‘சிரித்துவிட்டுப் போங்கள்’ பகுதியில் ஏனோ வரவில்லை. இடம் போதவில்லை போலிருக்கிறது.

ஆனால் அன்றைக்கு நான் பார்த்தது அந்த ஸ்பிரிங்கை இல்லை. நீங்கள் போன பிறகு அப்பா அந்த மேகசினைத் திரும்பப் பூட்டி, வெடிக்காத பயிற்சித் தோட்டாக்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிப் பார்த்தார். சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் கூரைக்குப் போல்ட் அடித்த கை அது. வலது கட்டைவிரல் இரண்டு முறை நசுங்கியது. பதினேழு கொள்ளும் மேகசினில் பதினொன்று போட்டதும் நிறுத்தினார். விரலைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “பதினொண்ணு போதும். அதுக்கு மேல சுடுறவனுக்குக் குறி பார்க்கத் தெரியலன்னு அர்த்தம்” என்றார். மறுநாளும் பதினொன்று. அதற்கு அடுத்த நாள் ஒன்பது. அந்த வாரம் சங்கத்துப் பலகையில் ஜூன் போட்டிக்குப் பெயர் எழுதும் தாள் ஒட்டினார்கள். முப்பது வருஷமாக முதல் வரியில் பெயர் எழுதுகிற மனுஷர் தாளைத் தாண்டிப் போய் வானிலை அறிக்கையைப் படித்தார். “இந்த வருஷம் வேலி வேலை கிடக்கு” என்றார். எங்கள் வீட்டுக்கு வேலியே கிடையாது.

எனக்கு நூலகத்தில் மேகசின் என்றால் வாரப் பத்திரிகைதான். இருந்தாலும் தேடிப் படித்தேன். பிஸ்டல் மேகசினில் தோட்டாக்கள் அடியில் இரண்டு வரிசையாக நிற்கின்றன. மேலே வாய்க்கு வரும்போது ஒற்றை வரிசையாகச் சுருங்க வேண்டும். நம் ஓடைப் பாலத்தில் நிலக்கரி லாரியும் பள்ளிப் பேருந்தும் எதிரெதிரே வந்து நிற்குமே, அந்த நெரிசல்தான் அங்கேயும். அந்த நெரிசலோடு முட்டுவது கட்டைவிரல். இன்னொரு வகை இருக்கிறது. அதில் இரண்டு வரிசையும் வாய்வரைக்கும் இரண்டு வரிசையாகவே வரும். இடது, வலது, இடது, வலது என்று மேலிருந்து நேராக அழுத்தினால் போதும். நீளமாக, நேராக, அழகில்லாமல் இருக்கும். எந்தக் கைத்துப்பாக்கிக்கும் பொருந்தாது. எங்களுக்கு எந்தக் கைத்துப்பாக்கிக்கும் பொருந்த வேண்டியதில்லை.

இதைக் கேட்கத்தான் எல்வுட் கடைக்குப் போனேன். அப்பாவும் கூட வந்தார், தூண்டில் நரம்பு வாங்க வேண்டும் என்ற சாக்கில். கடையில் ஆறேழு பேர். வாசலிலிருந்தே மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் கல்லாவுக்கு முன்னால் காணாமல் போய்விட்டது. “எல்வுட் அண்ணே, கார்பைனுக்கு அந்த… நேரா இருக்குமே… கிளிப்…” என்றேன்.

எல்வுட் உள்ளே போய் இரண்டு சாமான்களைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தார். “எது கண்ணு வேணும்? காகிதத்துக்குக் குத்துறதா, தலைமுடிக்குக் குத்துறதா?” என்றார். ஒருவர் சிரித்துச் சிரித்துக் காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அது நீங்கள்தான்.

இப்போது சொல்கிறேன். எங்கள் வீட்டில் மேகசினுக்குப் பெயரே கிளிப். நான் தவழ்ந்த நாளிலிருந்து அப்பா அப்படித்தான் சொல்கிறார். “கரீசா, அந்தக் கிளிப்ப எடு.” “கிளிப்ப நாய்க்கு எட்டாம வை.” பதற்றத்தில் படித்த வார்த்தை எல்லாம் ஓடிப்போய் வீட்டு வார்த்தை வந்துவிட்டது. அவ்வளவுதான். அந்த நேரத்தில் அப்பா என் இடப்பக்கம் இரண்டடி தள்ளி, தூண்டில் உருளையைச் சுற்றிக்கொண்டு நின்றார். காது சிவந்திருந்தது. யாரிடம் கற்றேன் என்று நான் வாயைத் திறந்திருந்தால் அந்தச் சிரிப்பு முழுவதும் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்திருக்கும். அதனால் திறக்கவில்லை. தலைமுடிக் கிளிப்பை வாங்கிக் குத்திக்கொண்டு, எல்வுட்டிடம் அந்த நீள மேகசின் ஒன்றை இரவலாகவும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று சாயங்காலம் அதை மேசையில் வைத்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற மாதிரி முதுகைக் காட்டி நின்றேன். கிளிக், கிளிக் என்று சத்தம். எண்ணினேன். பதினொன்று. பன்னிரண்டு. பதினேழு. இருபது. சத்தம் நின்றது. அப்புறம் எல்லாத் தோட்டாவையும் மேசையில் கொட்டுகிற சத்தம். மறுபடி ஒன்றிலிருந்து. மாமா, அப்பா மூன்று தரம் நிரப்பினார். நான் ஒரே தட்டை மூன்று தரம் கழுவினேன்.

ஆனாலும் பெயர் எழுதவில்லை. ஏன் தெரியுமா? ஏப்ரல் இதழ் வந்துவிட்டது. “மச்சான் சொன்னத விட்டுட்டு வேற வாங்கினா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொல்லணும்ல” என்கிறார். கட்டைவிரல் என்று சொல்வதைவிட இல்லாத வேலியைக் கட்டுவது அவருக்குச் சுலபம். வரும் சனிக்கிழமை தாளைக் கழற்றிவிடுவார்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு என் கோரிக்கைகள். சனிக்கிழமைக்கு முன் சிறப்பிதழ் ஒன்று போட்டு இந்தக் கடிதத்தை ஒரு எழுத்து குறையாமல் வெளியிட வேண்டும். குழம்புச் சட்டிச் செய்தி முதல் பக்கத்தில் வர வேண்டும். நாங்கள் நீள மேகசின்தான் போடுவோம். அதைக் கிளிப் என்றுதான் சொல்வோம். நான் சாகும்வரை சொல்வேன், என் கல்லறைக் கல்லிலும் வெட்டச் சொல்வேன். நீங்கள் நடத்துவதும் மேகசின்தானே மாமா? மொத்தம் நான்கு பக்கம். தையல் இல்லை, பசை இல்லை. அதைச் சேர்த்துப் பிடித்திருப்பது எது என்று மூலையில் பாருங்கள். ஒரு கிளிப்! அதைக் கழற்றினால் உங்கள் மேகசின் காற்றில் பறந்துவிடும்.

இவை நிறைவேறும்வரை ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று வருத்தமில்லாமல் கேட்டுக்கொள்கிறேன். அத்தை மட்டும் வரலாம்.

தங்கள் முழங்காலும் அத்தையின் தோட்டமும் கர்த்தர் அருளால் செழிக்கட்டும்.

இப்படிக்கு,
கிளிப் கேட்ட பட்டதாரி,
கரீசா மலின்ஸ்

பி.கு.: மேலே உள்ள எதையும் வெளியிட வேண்டாம். தபாலில் போடச் சொல்லி அம்மாவிடம் உறையைக் கொடுத்தேன். அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். அவர் பிரித்துப் படித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். “கட்டவெரலப் பத்தி ஊருக்கே எழுதிட்ட. இனிமே மறைக்க என்ன இருக்கு?” என்று தொப்பியை மாட்டிக்கொண்டு சங்கத்துக்குப் போனார். முதல் வரியில் ஏற்கெனவே உங்கள் பெயர் இருந்ததாம். அதற்கும் மேலே ஓரத்தில் இடுக்கித் தன் பெயரை எழுதிவிட்டு வந்தார். கூட்டுக்கும் எல்வுட்டிடம் சொல்லியாகிவிட்டது, நீள மேகசின் போடுகிற கூடு. ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அவசியம் வர வேண்டும், அம்மா பெப்பரோனி ரோல் செய்கிறாள். கடிதத்தில் அப்பாவுக்கு ஒரே ஒரு ஆட்சேபம்தான். “நான் எப்ப கிளிப்புன்னு சொன்னேன்? பொறந்ததுலேர்ந்து மேகசின்னுதான் சொல்றேன். அந்தப் பாராவ அடிச்சிரு” என்றார். சரி என்று பேனாவை எடுத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “அந்தக் கிளிப்ப இப்படித் தள்ளு, இன்னொரு தரம் ரொப்பிப் பாக்கறேன்” என்றார். பேனாவை மூடிவிட்டேன்.