கடூழியமும் என் சைக்கிள் விளக்கும்

சிறைக்குப் போய் வந்த ஒருவனைப் பார்த்து, நமக்கு அந்தப் பாக்கியம் இல்லையே என்று வயிறெரிந்த மனிதன் வட்டகொடைப் பக்கத்தில் ஒருவன்தான் இருந்தான். நான்தான் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர். அலமாரி நிறையப் புத்தகம், அதில் இரண்டு சட்டப் புத்தகம்.

சிறைக்குப் போனவனின் சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. கங்காணியின் குடையை முறித்ததற்காக இரண்டு வாரம் கடூழியச் சிறை இருந்து திரும்பியதிலிருந்து அவன் 'கடூழியம்'தான். பதினான்கே நாளில் சட்டம் முழுவதையும் கரைத்துக் குடித்தவன் இந்தத் தீவிலேயே அவன் ஒருவன். தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் எந்தச் சண்டையானாலும் ஞாயிற்றுக்கிழமை அவன் முன்னால் போய் நிற்கும். என்னிடம் யாரும் வருவதில்லை.

ஒருமுறை ராமாயியின் ஆடு பக்கத்து வீட்டு அவரைக்கொடியைத் தின்றுவிட்டது.

"ஆட்டுக்கு ஒரு வாரம் வெளக்கமறியல். பிணை கெடையாது," என்றான் கடூழியம். ஆட்டைப் பிடித்துக் கட்டிவிட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "விளக்கமறியல் தண்டனையே இல்ல ராமாயி. விசாரணை முடியிற வரைக்கும் வச்சிருக்கிறது. ஆடு இன்னும் குற்றவாளின்னு தீர்ப்பாகலையே!"

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "நீங்க படிச்சவங்கய்யா. அவரு உள்ளயே இருந்தவரு."

அந்த 'உள்ளயே' பல நாள் என் சோற்றில் கல்லாகக் கிடந்தது.

பிறகு எனக்கும் நல்ல காலம் வந்தது. ஒரு மாலை விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டிப் போலீஸ்காரரிடம் பிடிபட்டேன். வந்த அழைப்பாணையை எல்லோர் கண்ணிலும் படும்படி சட்டைப்பையில் செருகிக்கொண்டு காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தைச் சுற்றி நடந்தேன். குற்றத்தை ஒப்புக்கொண்டு எப்படியாவது ஒரு தண்டனை வாங்கிவிட்டால், லயத்தில் நானும் ஓர் ஆள்.

வழக்கு நாளன்று அட்டன் நீதிமன்றத்துக்குப் போகும் ரயிலுக்குக் கடூழியமும் வந்து நின்றான். கையில் அவனிடமிருந்த ஒரே கம்பளியும் ஒரு தகரக் குவளையும்.

"உள்ள குளிருங்கய்யா. மொத ரெண்டு நாளு கஞ்சி எறங்காது. அப்பறம் பழகிரும்."

அங்கேயே குளிரெடுத்து, கம்பளியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

நீதவான் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எச்சரித்து விடுவித்துவிட்டார். மூன்று பக்கத்துக்கு எழுதி வைத்திருந்த ஒப்புதல் வாக்குமூலம் பையிலேயே கசங்கியது.

திரும்பி வந்தபோது லயமே காத்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், நீதிமன்றம் வரை கூடவே வந்து திரும்பிய கடூழியம் முந்திக்கொண்டான். "ஐயா மேல குத்தமே நிக்கல! கோட்டே அசந்து போச்சு!"

அவன் கம்பளி இன்னும் என் தோளில்தான் கிடந்தது. அவனும் கேட்கவில்லை, எனக்கும் கழற்ற மனமில்லை.

ராமாயி மட்டும் அருகே வந்து மெதுவாகக் கேட்டாள்: "ஒரு நாளுகூட இல்லீங்களா? எங்க ஆடாச்சும் ஒரு வாரம் இருந்துச்சுங்க."